கத்துகிறவர் ஒருவர், கதவைச் சாத்துகிறவர் ஒருவர்

கேள்வி: எனக்கு வயது 36. கல்யாணமாகி 11 வருடம் ஆகிறது. மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். என் பிரச்சினை என் கோபம். போன மாதம் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் காலை 6 மணிக்கே வந்துவிடுவதாகச் சொன்ன என் கணவர், கடைசிப் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் வந்து நின்றார். கடையில் சரக்கு இறங்கியதாம். திரும்பும்போது காரிலேயே ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. கையில் இருந்த டம்ளரை எறிந்துவிட்டேன் (சுவரில்தான்). அவர் ஒரு வார்த்தை பேசாமல் கடைக்குப் போய்விட்டார். அப்புறம் ஐந்து நாள் பேச்சே இல்லை. 'அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு' என்று மகளிடம்தான் சொல்லி அனுப்பினேன். ஒவ்வொரு சண்டையும் இப்படித்தான் போகிறது. 'என் பையன் வாயில்லாப் பூச்சி, அவனை இந்தப் பாடு படுத்துறா' என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். என் அம்மாவும் என்னைத்தான் திட்டுகிறார். கோபத்தை அடக்க வழி சொல்லுங்கள். யோகா வகுப்பில் சேரட்டுமா?

பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: அன்புத் தோழிக்கு,

யோகாவில் தாராளமாகச் சேருங்கள், உடம்புக்கு நல்லது. உங்கள் வீட்டுச் சண்டை அதனால் தீருமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

'என் பிரச்சினை என் கோபம்' என்கிறீர்கள். மாமியாரும் அம்மாவும் நீங்களும் சேர்ந்து விசாரித்து, தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். ஐந்து நாள் வாய் திறக்காதவர் மேல் ஒரு வரி புகார்கூட இல்லை. நம் வீடுகளில் சத்தம் போட்டவர்தான் எப்போதும் மாட்டிக்கொள்வார். வாய் திறக்காதவருக்குப் பொறுமைசாலி என்று பெயர் வந்துவிடும்.

அந்தப் பேசாமை பொறுமைதானா என்று அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1980களிலிருந்து இந்த ஆராய்ச்சியைச் செய்துவந்தார்கள். கணவன் மனைவியை எதிரெதிரே உட்காரவைத்து, உடம்பில் நாடித்துடிப்பு அளக்கும் கருவியைப் பொருத்தி, வீட்டில் ஓயாமல் சண்டை வருகிற ஒரு விஷயத்தை 15 நிமிடம் பேசச் சொல்வார்கள். சிலர் ஒரு கட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாகிவிடுவார்கள். வெளியே அசைவே இருக்காது. உள்ளே இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கும். அப்படிக் கல்லானவர்களில் 85 சதவீதம் பேர் ஆண்கள் என்று காட்மன் எழுதியிருக்கிறார்.

இதயம் அப்படி அடிக்கும்போது காதில் எதுவும் ஏறாது. நாய் துரத்துகிறபோது ஒருவரை நிறுத்திப் பால் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் என்ன பதில் வரும்? அன்று காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி வந்தாரே, அப்போது 'இந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை' என்று நினைத்திருப்பீர்கள். தாங்க முடியாத அளவுக்கு உறைத்ததால்தான் கதவைச் சாத்தினாரோ என்னவோ.

அவர் சாத்தச் சாத்த நீங்கள் தட்டுகிறீர்கள். நீங்கள் பலமாகத் தட்டத் தட்ட அவர் தாழ்ப்பாளும் போடுகிறார். 'அவர் பேசாததால்தான் கத்துகிறேன்' என்பீர்கள். 'இவள் கத்துவதால்தான் பேசுவதில்லை' என்பார் அவர். இரண்டுமே உண்மை. யார் முதலில் ஆரம்பித்தது என்று 11 வருடக் கணக்கைப் புரட்டிப் பயனில்லை. எழுதியவர் நீங்கள் என்பதால் உங்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன், அவ்வளவுதான். அவர் எழுதியிருந்தால் அவரைத்தான் முதலில் பிடித்திருப்பேன்.

அந்த டம்ளருக்கு வருகிறேன். 'சுவரில்தான்' என்று அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் மகள் எங்கே இருந்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. சுவரில் படுகிற டம்ளருக்கும் ஆள் மேல் படுகிற டம்ளருக்கும் நடுவே இருக்கிற தூரம் குழந்தைக்குப் பெரிதாகத் தெரியாது. கொட்டித் தீர்த்தால், எதையாவது எறிந்தால் மனசு ஆறும் என்று நாம் நம்புகிறோம். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-ல் 600 கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை, 'நான் படித்ததிலேயே படுமோசமானவற்றில் இது ஒன்று' என்று குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்துக் கோபப்படுத்தினார். பிறகு சிலரை, அப்படி எழுதியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். சிலரைச் சும்மா உட்காரவைத்தார். குத்தியவர்களுக்குத்தான் கோபம் ஏறியிருந்தது. சும்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்தவர்கள் அவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள்.

அப்படியானால் அடக்கிக்கொள்வதுதான் வழியா? நீங்கள் கேட்டதும் அதைத்தான். அதுவும் சரிப்படவில்லை. 2003-ல் எமிலி பட்லர் குழுவினர் பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, மனசைக் கலக்குகிற ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும் ரகசியமாக, 'உணர்ச்சியை வெளியே காட்டாதீர்கள்' என்று சொல்லிவைத்தார்கள். அடக்கியவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் ரத்த அழுத்தம் ஏறியது. பேசாத மனிதர் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்குள் ஏதோ ஏறுகிறதே, அதை உங்கள் கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் கடிதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் 'கோபம்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அன்று முதலில் வந்தது கோபமே இல்லை என்று தோன்றுகிறது. தம்பி வீட்டு விசேஷம். 'மாப்பிள்ளை எங்கம்மா?' என்று ஒவ்வொருவராகக் கேட்டிருப்பார்கள். 'வந்துட்டே இருக்காருங்க' என்று எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்? அது அவமானம். பிறந்த வீட்டு விசேஷம் என்றால் இவருக்கு இளப்பம் என்ற ஆதங்கம் ஒரு பக்கம். கடைச் சரக்குக்கு அடுத்துத்தான் நாமா என்ற மனத்தாங்கல் இன்னொரு பக்கம். காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் கார் கதவைச் சாத்தியதும் ஒரே சத்தமாக வந்தது. அவர் காதுக்குப் போனது சத்தம் மட்டும்தான்.

கோபம் பஸ் கண்டக்டர் மேலும் வரும், முன்பின் தெரியாத பைக் ஓட்டுகிறவன் மேலும் வரும். ஆதங்கம் வேண்டியவர்களிடம் மட்டும்தான் வரும். அதனால் அடுத்த முறை உள்ளே சூடு ஏறும்போது, வாயைத் திறப்பதற்கு முன்னால், 'இது எது?' என்று உங்களையே கேளுங்கள். எரிச்சலா, ஏமாற்றமா, பயமா, ஏக்கமா? மேத்யூ லீபர்மன் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கோபமும் பயமும் தெரிகிற முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குச் சொல் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சொல் கிடைத்தபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிந்ததை ஸ்கேனில் பார்த்தார்கள். நம் மொழியில் இந்தச் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. எல்லாவற்றையும் கோபம் என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவைப்பதுதான் நம் வழக்கம்.

சொல் கிடைத்ததும் அதிலிருந்தே பேச்சை ஆரம்பியுங்கள். 1999-ல் வந்த காட்மனின் இன்னொரு ஆய்வில், 124 புதுமணத் தம்பதிகளின் வாக்குவாதத்தில் முதல் மூன்று நிமிடத்தைக் கவனித்தே பின்னால் யார் பிரிவார்கள் என்று பெருமளவு கணிக்க முடிந்தது. காரில் நீங்கள் எப்படி ஆரம்பித்திருப்பீர்கள்? 'என் வீட்டு ஆளுங்கன்னா உங்களுக்கு எப்பவுமே இளக்காரம்தானே?' இதற்கு ஒரு மனிதர் தற்காப்பு வசனம் பேசலாம், அல்லது வாயை மூடலாம். மூன்றாவது வழியை நீங்கள் விட்டுவைக்கவில்லை. 'எல்லாரும் மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. பந்தியிலயாவது நீங்க பக்கத்துல நின்னிருக்கணும்' என்று சொல்லிப் பாருங்கள். 'வீட்டில் யார் இப்படி நாடகத்தனமாகப் பேசுவார்கள்?' என்று நினைப்பீர்கள். முதல் நாலைந்து தடவை அப்படித்தான் இருக்கும், நானே தடுமாறியிருக்கிறேன்.

இவ்வளவு பார்த்துப் பேசியும் சூடு ஏறுகிற நாட்கள் வரும். காட்மனின் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை சண்டையை நடுவில் நிறுத்தினார்கள். 'கருவியைச் சரிபார்க்க வேண்டும், அதுவரை அந்த விஷயத்தைப் பேசாமல் பத்திரிகை படியுங்கள்' என்று அரை மணி நேரம் விட்டார்கள். (பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்!) மறுபடி உட்கார்ந்தபோது நாடி இறங்கியிருந்தது, பேச்சும் உருப்படியாக நடந்தது. உடம்பு தணிய குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், துணி மடியுங்கள், மொட்டைமாடியில் நடங்கள். 'திரும்பி வரட்டும், இதையும் கேட்கிறேன்' என்று மனசுக்குள் வசனம் எழுதிக்கொண்டே துணி மடித்தால் நாடி இறங்காது.

இந்த இடத்தில்தான் உங்கள் கணவரின் பங்கு வருகிறது. ஒதுங்குவது தப்பில்லை. எப்போது திரும்புவார் என்று சொல்லாமல் ஒதுங்குகிறாரே, அதுதான் உங்களைக் கொல்கிறது. அரை மணி நேரத்தில் நாடி இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் போன நாட்களில் இளைப்பாறல் கொஞ்சம், தண்டனை நிறைய. கடை வைத்திருப்பவருக்கு அவர் மொழியிலேயே சொல்லலாம். 'வெள்ளிக்கிழமை தர்றேண்ணா' என்று சொல்லிவிட்டுப் போகிற பாக்கிக்காரரையும், கடைப்பக்கமே வராமல் சுற்றிப் போகிறவரையும் அவர் ஒரே மாதிரி நினைப்பாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டை இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள்: 'எனக்குச் சூடு ஏறும்போது நீங்க எழுந்து போங்க, நான் பின்னாடியே வரமாட்டேன். ஆனா, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பேசலாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.' உடனே தலையாட்டிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. பின்னாடியே போகமாட்டேன் என்ற உங்கள் வாக்கை நீங்கள் இரண்டு மூன்று முறை காப்பாற்றிய பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வரும். இந்தப் பக்கத்தைக் கிழித்து, 'பாருங்க, உங்களைத்தான் சொல்றாங்க' என்று அவர் முன்னால் வைக்காதீர்கள். அதுவும் ஒரு டம்ளர்தான்.

மாமியாரின் 'வாயில்லாப் பூச்சி' பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பைக் கவனிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நான் சொன்னதெல்லாம் இருவரும் சமமாக நிற்கிற வீட்டுக்கு. கை நீட்டுதல், வீட்டுச் செலவுக்குப் பணத்தை நிறுத்துதல், பிறந்த வீட்டோடு பேசவிடாமல் தடுத்தல் இவற்றில் ஏதாவது நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால், என் பதிலை ஓரம் வைத்துவிட்டு 181-ஐ அழையுங்கள். அது பெண்களுக்கான உதவி எண். தூக்கம் கெட்டு, அழுகை நிற்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறதென்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக உங்கள் மகள். ஐந்து நாள் அவள் உங்கள் வீட்டுத் தபால்காரியாக இருந்திருக்கிறாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து ஒரு விதமாகச் சொல்லி, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதிலைக் கொஞ்சம் மாற்றி, இரண்டு பக்கமும் வெடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரிய உத்தியோகம். அடுத்த சண்டையில், நான் சொன்ன வேறு எதையும் உங்களால் செய்ய முடியாமல் போகலாம். சாப்பாடு தயாரானதும் நீங்களே அந்த அறை வாசல் வரை போய், 'சாப்பிட வாங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அவர் வருகிறாரோ இல்லையோ, அவள் உட்கார்ந்து தன் தட்டில் இருப்பதைச் சாப்பிடட்டும்.