விடுபட்ட ஆண்டுகளுக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: ஐயா, 2000ஆம் ஆண்டு இலண்டனுக்கு வந்த எனக்கு இப்போது 58 வயது. அரச ஓய்வூதியக் கணிப்பைக் கைப்பேசியில் பார்த்தபோது 21 ஆண்டுகள் நிறைவு என்றும், 2019-20 முதல் 2022-23 வரையான நான்கு ஆண்டுகள் குறை என்றும் காட்டுகிறது. முதலாவது ஆண்டில் இரண்டு கடைகளில் வேலை செய்தேன். ஒவ்வொன்றிலும் வாரம் 110 பவுண்டு. ஆயினும் அந்த ஆண்டு முழுவதும் வெறுமையாகக் கிடக்கிறது. இரண்டாவதில் 11 வாரங்கள் மட்டும் குறை. பிந்திய இரண்டு ஆண்டுகளும் மகள் வேலைக்குப் போக, அவளுடைய குழந்தையை நான் வீட்டில் வைத்துப் பார்த்தேன். இப்போது பாடசாலைச் சமையலறையில் வேலை. நான்கு ஆண்டுகளுக்கும் கட்டினால் ஏறத்தாழ மூவாயிரம் பவுண்டு வரும். "அரசாங்கத்திடம் கொடுத்த காசு திரும்பாது, வங்கியில் போடு" என்கிறார் கணவர். ஓய்வுக்குப் பின் யாழ்ப்பாணத்துக்கே போய்விடும் எண்ணமும் எங்களுக்கு உண்டு. என்ன செய்யலாம்?
— வாசகி, ஹரோ

பதில்: நான்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் நீங்கள் காசு கட்டினால் போதும் என்றே நினைக்கிறேன். பேரக்குழந்தையைப் பார்த்த இரண்டு ஆண்டுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை, பெற்றோர் வேலைக்குப் போயிருக்கும்போது பார்த்துக்கொள்ளும் பாட்டி, தாத்தா, சித்தி, மாமா போன்ற உறவினர்களுக்கு, அவர்கள் ஓய்வூதிய வயதை எட்டாதவர்களாக இருந்தால், நேஷனல் இன்சூரன்ஸ் வரவு (ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் பங்களிப்பைக் கட்டியதாகக் கணக்கில் சேர்ப்பது) இலவசமாகக் கிடைக்கும் ஏற்பாடு 2011 ஏப்ரல் முதல் இருக்கிறது. உங்கள் மகள் பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் உதவித்தொகையான சைல்ட் பெனிபிட்டுக்குத் தன் பெயரில் விண்ணப்பித்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகள் அவருடைய சம்பளத்தின் மூலமே அவருக்கு நிறைவாகியிருக்க வேண்டும். அப்படியானால் அவருக்குத் தேவைப்படாத வரவு, அவருடைய ஒப்புதலோடு உங்கள் பெயருக்கு மாறும். பழைய ஆண்டுகளுக்கும் இப்போது விண்ணப்பிக்கலாம். நம்மவர் வீடுகளில் அம்மம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போவது அன்றாட வழக்கம். இந்த வரவைக் கேட்டு வாங்கியவர்களையோ நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன். கேட்காமல் இது தானாக வராது.

வெறுமையாகக் கிடக்கும் 2019-20 பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த ஆண்டில் ஒரே வேலையில் வாரம் 118 பவுண்டாவது சம்பளம் இருந்தால்தான் கணக்கில் ஏறும். வெவ்வேறு முதலாளிகளிடம் வாங்கிய இரண்டு சம்பளங்களையும் கூட்டிப் பார்ப்பதில்லை. எனவே 220 பவுண்டு உழைத்தும் உங்கள் பதிவில் ஒன்றும் சேரவில்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து.

இனிக் கணக்குக்கு வருவோம். இங்கே தரும் தொகைகள் 2025-26 வரி ஆண்டுக்குரியவை. முழு ஓய்வூதியம் வாரம் 230.25 பவுண்டு, அதற்கு 35 ஆண்டுகள் வேண்டும். ஆகவே ஓர் ஆண்டு கூடினால் வாரத்துக்கு 6.58 பவுண்டு, வருடத்துக்கு ஏறத்தாழ 342 பவுண்டு கூடும். விடுபட்ட ஆண்டை நிரப்ப நாமாகவே கட்டும் மூன்றாம் வகுப்புத் தன்விருப்பப் பங்களிப்பு வாரம் 17.75 பவுண்டு, முழு ஆண்டுக்கு 923 பவுண்டு. அப்படியானால் ஓய்வூதியம் தொடங்கி இரண்டு வருடமும் எட்டு மாதமும் கடந்தால் கட்டிய காசு கைக்கு வந்துவிடும். நூற்றுக்கு இருபது வரி பிடிபட்டால் மூன்று வருடமும் சில மாதங்களும் ஆகும். 11 வாரம் குறையும் ஆண்டைப் பாருங்கள்: 195.25 பவுண்டு கட்டினால் அதே 6.58 பவுண்டு வாரந்தோறும் வரும். ஏழு மாதத்தில் முதல் திரும்பிவிடும். பதிவில் இப்படி அரைகுறையாக நிற்கும் ஆண்டுகளைத்தான் எவரும் முதலில் நிரப்ப வேண்டும்.

வாங்கும் ஆண்டு வீணாகுமா என்பதையும் பார்க்க வேண்டும். கையில் 21, மகள் வழியாக 2, கட்டுவதால் 2, ஓய்வூதிய வயதான 67 வரை வேலை செய்தால் இன்னும் 9, ஆக 34. முப்பத்தைந்தைத் தாண்டவில்லை என்பதால் உங்களுக்கு எந்த ஆண்டும் வீண்போகாது. ஐம்பது வயதிலேயே 27 ஆண்டுகளை வைத்திருப்பவர் பழைய இடைவெளிகளுக்குக் கட்டினால், வேலை தொடரும் வரையில் அது வெறும் நட்டம்.

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. 67 வயதுக்கு முன் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் கட்டிய காசு பிள்ளைகளுக்கோ கணவருக்கோ வராது. வங்கியில் போட்டது வரும். கடுமையான நோய் உள்ளவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மற்றபடி, 923 பவுண்டுக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 342 பவுண்டு தரும் வங்கி எதுவும் கிடையாது.

யாழ்ப்பாணம் போகும் எண்ணம்தான் இதில் பெரிய விடயம். பிரித்தானியாவில் இருப்பவருக்கு விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, இரண்டரை வீதம் ஆகியவற்றுள் எது கூடியதோ அந்த அளவில் ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும். இலங்கையிலும் இந்தியாவிலும் குடியிருப்பவருக்கு அது உயராது. தொடங்கிய தொகையிலேயே உறைந்து நிற்கும். 2016இல் முழு ஓய்வூதியம் 155.65 பவுண்டாக இருந்தபோது அதைப் பெறத் தொடங்கி ஊரில் குடியேறியவர் இன்றும் அதே 155.65 பவுண்டையே வாங்குகிறார். முதலைத் திருப்பி எடுக்க மூன்று வருடமே போதும் என்பதால், உறைந்தாலும் கட்டுவது உங்களுக்கு நட்டமாகாது. ஆனால் எண்பது வயதில் அந்தத் தொகையின் பெறுமதி மிகவும் சுருங்கியிருக்கும் என்பதை இருவரும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். 67 வயதுக்கு முன்பே ஊருக்குப் போய், அங்கிருந்து குறைந்த கட்டணத்தில் இரண்டாம் வகுப்புப் பங்களிப்பைக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளிநாட்டில் இருப்போருக்கான அந்த வழி 2026 ஏப்ரல் 6 முதல் கிடையாது.

மாறாக இங்கேயே தங்கி, வேறு வருமானம் அதிகமின்றி, குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட் வாங்கும் நிலை வரலாம் என்றால், கட்டுமுன் நன்றாக யோசியுங்கள். ஓய்வூதியத்தில் கூடும் ஒவ்வொரு பவுண்டும் அந்த உதவித்தொகையில் குறையும்.

காலக்கெடு இருக்கிறது. 2006 வரை பின்னோக்கிக் கட்ட அளித்த சலுகை 2025 ஏப்ரல் 5உடன் முடிந்துவிட்டது. இப்போது ஆறு ஆண்டுகளுக்கு மட்டுமே பின்னோக்கிப் போக முடியும். எனவே 2019-20க்கு 2026 ஏப்ரல் 5தான் கடைசி நாள். அதற்கு முன் அரச ஓய்வூதியக் கணிப்பு பற்றிக் கேட்கும் அலுவலகமான பியூச்சர் பென்ஷன் சென்டரை அழைத்து, "இந்த ஆண்டை நிரப்பினால் என் ஓய்வூதியம் வாரத்துக்கு எவ்வளவு உயரும்?" என்று ஒவ்வோர் ஆண்டாகக் கேளுங்கள். 2016க்கு முன் மருத்துவமனையிலோ நகரசபையிலோ வேலை செய்து, நிறுவன ஓய்வூதியத்துக்காகக் குறைந்த நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியவர்களுக்குச் சில ஆண்டுகள் எதையுமே கூட்டாது என்பதால் இந்தக் கேள்வி அவர்களுக்கு மிக அவசியம். வங்கி வழியாகக் கட்டுவதானால் வரித்துறை தரும் 18 இலக்கக் குறிப்பெண்ணைப் பிழையின்றி எழுதுங்கள். கட்டியதைப் பொதுவாகத் திருப்பித் தரமாட்டார்கள்.

கேள்வி: சனிக்கிழமைகளில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். சுயதொழிலாகப் பதிந்திருக்கிறேன், செலவு போக ஆண்டுக்கு 5,000 பவுண்டுதான் மிஞ்சும். வேறு வேலையோ உதவித்தொகையோ இல்லை. எனக்கும் 923 பவுண்டுதானா?
— வாசகி, கிறொய்டன்

பதில்: இல்லை. 2025-26இல் ஆண்டு இலாபம் 6,845 பவுண்டுக்குக் குறைவான சுயதொழிலாளர் இரண்டாம் வகுப்பில், வாரம் 3.50 பவுண்டு வீதம், ஆண்டுக்கு 182 பவுண்டு கட்டினால் போதும். கிடைக்கும் ஓய்வூதிய உயர்வோ அதே 342 பவுண்டு. வருமான வரிப் படிவத்தில் தன்விருப்பமாகக் கட்டுவதாகக் குறித்து, ஜனவரி 31க்குள் செலுத்துங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் ஆண்டு வெறுமையாகவே பதிவாகும்.