ராத்திரி வெயில் – கடிதம்

வணக்கம்.

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. எங்களுக்குப் பெருந்துறை பக்கம். ஒரு வாரமாக வெயில் தாங்க முடியவில்லை. உள்மாவட்டங்களில் இன்னும் 2 முதல் 3 டிகிரி வரை கூடும், ஓரிரு இடங்களில் வெப்ப அலை வீசக்கூடும் என்று வானிலை மையம் சொல்லியிருக்கிறது. போனில் பார்த்தால் 39 என்கிறது. டிவியில் ஈரோடு 104 என்கிறார்கள். எங்கள் போர்டிகோவில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 44 காட்டுகிறது. எதை நம்புவது? கத்திரியே இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் இப்படி என்றால் மே மாதம் என்ன ஆகும்?

பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். ராத்திரி நானும் பையனும் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். அம்மாவுக்கு 78 வயது, மூட்டு வலி, படி ஏற முடியாது. கீழே தன் அறையில் ஃபேன் போட்டுப் படுத்துக்கொள்வார், அவருக்குப் பழகிவிட்டது. மேலே ஒரு மாடி எடுக்கும் யோசனை இருப்பதால் தளத்தில் சூட்டைத் தடுக்கும் தட்டோடு எதுவும் போடாமல் விட்டிருக்கிறோம். மச்சான் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், அவர் போன வாரமே பண்ணையில் தண்ணீர் தெளிப்பான் எல்லாம் மாட்டிவிட்டார். நாங்களும் ஏசி வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. இந்த வானிலை அறிவிப்புகளை எப்படிப் புரிந்துகொள்வது என்று நீங்கள் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

எஸ்., பெருந்துறை

அன்புள்ள எஸ்.,

மூன்று எண்களுக்கும் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. டிவிக்காரர்களுக்கு 100 என்ற எண்ணின் மேல் ஒரு மோகம், அதனால் பாரன்ஹீட்டை இன்னும் விடவில்லை. 104 என்றால் 40 செல்சியஸ். போன் சொல்வது கணினி போட்ட கணக்கு, ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கும். உங்கள் போர்டிகோ தெர்மாமீட்டர் சுவரின் சூட்டையும் சிமெண்ட் தரையின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு 44 என்கிறது. வானிலை நிலையத்தில் திறந்தவெளியில், நாலடி உயரத்துக்கு, காற்றுப் புகுந்து போகிற வெள்ளை மரப்பெட்டிக்குள் கருவியை வைத்து அளப்பார்கள். அதை நம்புங்கள்.

கத்திரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பஞ்சாங்கம் தன் கணக்குக்கு மே 4 வாக்கில் ஆரம்பித்து மாதக் கடைசி வரை அதை வைத்திருக்கிறது. ஆனால் ஈரோட்டுக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது சித்திரை முதல் வாரத்திலேயே, ஏப்ரல் 20ஐ ஒட்டி. கோயமுத்தூரில் சராசரி பகல் வெப்பம் உச்சத்தைத் தொடுவதும் ஏப்ரலில்தான். மே மாதம் கோடை மழை இரண்டு பெய்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் எட்டிப் பார்த்தால் அங்கே இறங்கிவிடும். பொள்ளாச்சிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஈரோடு, கரூருக்கு அந்தக் காற்று வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். சென்னையில் மதியம் கடற்காற்று உள்ளே நுழைந்தால் வெயில் அடங்கும், நமக்கு அந்த யோகமும் இல்லை. 2024 ஏப்ரலில் ஈரோடு 42ஐத் தாண்டித் தாண்டிச் செய்தியில் வந்தது நினைவிருக்கும். கரூர் பரமத்தி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்குக்கூட அந்தப் பெயர் தெரியும், இந்த வெயில் பட்டியலின் புண்ணியத்தில்.

ஏசி வாங்குவது உங்கள் பாடு, மின்வாரியத்தின் பாடு.

நான் நின்றுபோன இடம் வேறு. ‘அவருக்குப் பழகிவிட்டது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன், நீங்கள் வந்து மாட்டினீர்கள்.

கடிதத்தில் மூன்று எண்கள் கொடுத்தீர்களே, மூன்றும் பகலின் எண்கள். வானிலை அறிவிப்பில் அதிகபட்சத்துக்குப் பக்கத்திலேயே குறைந்தபட்சம் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. உள்மாவட்ட வெயில் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் அதன் சூட்சுமம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. பகலில் தரை வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுநாள் கணக்குப் புதிதாக ஆரம்பிக்கும். கொடுக்காமல் விட்ட மிச்சம், வட்டியை முதலோடு சேர்ப்பது மாதிரி, அடுத்த நாள் மேல் ஏறிவிடும். நம் ஊரில் வட்டிக்கணக்கு தெரியாதவர் யார்?

வானிலைத் துறைக்கு இது தெரியாமல் இல்லை. பகல் 40க்குக் குறையாமல் இருந்து, ராத்திரியின் குறைந்தபட்சம் இயல்பை விட, அதாவது அந்த நாட்களுக்கான பல வருடச் சராசரியை விட, 4.5 டிகிரி கூடிவிட்டால் அதை வெப்ப இரவு என்று தனியாகவே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. வெப்ப அலைக்கும் சமவெளியில் அதே மாதிரிதான் கணக்கு, 40ஐத் தொட வேண்டும், இயல்பை விட 4.5 டிகிரி கூட வேண்டும். 45ஐத் தொட்டுவிட்டால் இயல்பைப் பார்க்க வேண்டியதில்லை. நம் பக்கம் சித்திரையில் இயல்பே 37, 38 என்று நிற்பதால் 41 அடித்தாலும் ‘வெப்ப அலை’ என்று அறிவிக்க மாட்டார்கள். ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாம் என்று அடக்கமாக ஒரு வரி வரும். அறிவிப்பு வரவில்லை என்பதற்காக உங்கள் அம்மாவின் அறை குளிர்ந்துவிடப் போவதில்லை.

அந்தக் குறைந்தபட்சம்கூட விடியற்காலையின் எண், அதுவும் திறந்தவெளியில் அளந்தது. அம்மா படுத்திருப்பது உங்கள் வீட்டுத் தளத்துக்குக் கீழே. வெறும் காங்கிரீட் சித்திரை மதியத்தில் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூடு உடனே கீழே இறங்காது. சில மணி நேரம் எடுத்துக்கொண்டு, பொழுது விழுந்து நீங்கள் வெளியே ‘அப்பாடா’ என்று உட்காரும்போது அறைக்குள் இறங்க ஆரம்பிக்கும். பத்து மணிக்குச் சுவரின் மேற்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், கை சொல்லும். அந்த போர்டிகோ தெர்மாமீட்டரைக் கழற்றி இன்று ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாவின் தலைமாட்டில் மாட்டுங்கள். அதுதான் உங்கள் வீட்டின் வானிலை அறிக்கை.

பெருந்துறையிலிருந்து காங்கேயம் வரை ஒரு தடவை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் போதும். பாதி வீடுகளின் தலையில் பில்லர் கம்பி நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நிற்கும். மேலே ஒரு மாடி எடுக்கப் போகிறார்கள். பையன் சம்பாதிக்கட்டும், சீட்டு எடுக்கட்டும், தறிக்கு நல்ல விலை வரட்டும். அதுவரை சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதிப்பது வீண்செலவு. வராத மாடிக்காக வருடக்கணக்கில் வெந்துகொண்டிருப்பது யார் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறோமா?

வெள்ளகோவில் பக்கம் என் அம்முச்சி ஊர். அம்முச்சி என்றால் அம்மாவின் அம்மா. மாமா ஓட்டு வீட்டைப் பிரித்துக் காங்கிரீட் தளம் போட்ட தார்சு வீடு கட்டினார், அந்தத் தெருவில் அதுதான் முதல் தார்சு. பழைய வீட்டில் ஓடு பகலில் கொதிக்கும், வெளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஆறியும்விடும். அப்படியும் கோடையில் யாரும் உள்ளே படுத்ததில்லை. அம்முச்சி பொழுதோடு சாணி போட்ட வாசலில் தண்ணீர் தெளித்துவிடுவாள், அப்புறம் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு அதன் மேலும் ஒரு சொம்பு தண்ணீரை வீசுவாள். கயிறு ஈரத்தில் இறுகி முறுகும் சத்தம் கேட்கும். நம் கோடைக்காற்று காய்ந்த காற்று. ஈரம் கிடைத்தால் விடுவிடுவென்று உறிஞ்சிக்கொண்டு குளிர்ச்சியைக் கொடுத்துவிட்டுப் போகும். மேகமில்லாத வானத்தில் தரையின் சூடும் தடையில்லாமல் மேலே ஏறிவிடும். நள்ளிரவு தாண்டினால் துப்பட்டி கேட்கும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை.

தார்சு வீட்டுக்குக் காம்பவுண்டு வந்தது, வாசலுக்குச் சிமெண்ட் வந்தது. முதல் கோடையிலேயே அம்முச்சி கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மாமாவுக்குக் கோபம். “பங்களா கட்டிப்போட்டு ஆத்தாளை வாசல்ல படுக்க வெச்சிருக்கான்னு ஊருல பேச மாட்டாங்களா?” அம்முச்சி எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. “உள்ள மூச்சு முட்டுது சாமி” என்றாள், அவ்வளவுதான். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். முன்கதவைத் திறந்து வைத்து, நிலவுப்படியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள், தலை வெளியே, உடம்பு உள்ளே. மகன் சொல்லும் கெடவில்லை, மூச்சும் கிடைத்தது. அந்தப் படியைத் தாண்டித்தான் மாமா மொட்டை மாடிக்கு ஏறிப்போய்ப் பாயை விரிப்பார்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். வெயில் எல்லோருக்கும் பொது என்கிறோம். பகல் வெயில் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். ராத்திரி வெயில் பெண்களுக்கும் கிழவிகளுக்கும் என்றே ஒதுக்கி வைத்தது. ஆம்பளைக்கு மொட்டை மாடி உண்டு, கோயில் மண்டபம் உண்டு, தோட்டத்துச் சாளை உண்டு. திருப்பூரில் சிமெண்ட் அட்டை போட்ட லைன் வீடுகளில் பாருங்கள், பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த ஆண்கள் வெளியே சந்தில் பாய் விரித்துக் கிடப்பார்கள். அதே ஷிப்ட் முடிந்து வந்த பெண் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் எட்டு மணிக்கு மறுபடி மிஷினுக்கு முன்னால் உட்கார வேண்டும். தூங்கினாளா என்று யார் கேட்டார்கள்? எஸ்., நீங்கள் நல்ல மனிதர்தான், தெரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்று இருக்கிறது, பையன் எங்கே, அம்மா எங்கே என்று இருக்கிறது. உங்கள் வீட்டம்மா எங்கே படுக்கிறார் என்று இல்லவே இல்லை. இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

பயமும் இருக்கிறது, மறுக்கவில்லை. தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த வயதானவர்களைக் கொன்று நகையைப் பறித்துக்கொண்டு போன சம்பவங்களுக்குப் பிறகு நம் பக்கம் ஏழு மணிக்கே கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிடுகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நீங்கள் ஊருக்குள் இருக்கிறீர்கள், வீட்டில் இரண்டு ஆண்கள் இருக்கிறீர்கள்.

பழகிவிட்டது என்றீர்கள். 78 வயது உடம்பு எதற்கும் பழகாது. வேர்ப்பது குறையும், தாகம் எடுப்பதும் குறையும். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதிலே சில நீரை வெளியேற்றுகிற மாத்திரைகள், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறைக்காற்றே உடம்புச் சூட்டைத் தாண்டிவிட்டால் ஃபேன் அந்தச் சூட்டைத்தான் வாரி அடிக்கும், மேலே ஒரு ஈரத்துணி இருந்தால்தான் அதற்கு வேலை. உங்கள் அம்மா வாய் திறந்து சொல்லவும் மாட்டார். இந்தத் தலைமுறைப் பெண்களுக்குப் ‘பரவால்ல கண்ணு’ என்பதைத் தவிர வேறு பேச்சுத் தெரியாது.

2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர் வெப்பத்தில் செத்துப்போனார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், நிறையப் பேர் வீட்டுக்குள்ளேயே, ராத்திரியும் இறங்காத சூட்டில். வயலில் வேலை செய்கிறவர் சுருண்டு விழுந்தால் நான்கு பேர் பார்ப்பார்கள். தமிழக அரசு 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றும் வைத்திருக்கிறது. ஆனால் கட்டிலில் கிடந்தபடியே போன கிழவியை யார் அந்தக் கணக்கில் எழுதுவார்கள்? ‘வயசாயிருச்சு’ என்று நாமே எழுதி முடித்துவிடுவோம்.

உங்கள் மச்சானிடம் ஒன்று கேளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கோழிப்பண்ணைக்காரர்களுக்கென்றே வானிலை அறிவிப்பு தருகிறது, பேப்பரில் வரும். அதில் பகல் வெப்பம், ராத்திரி வெப்பம் இரண்டும் இருக்கும், அவர் இரண்டையும் படிப்பார். கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும், அதைப் பார்த்துத்தான் தெளிப்பானை மாட்டினார். தீனிகூட வெயில் ஏறும் முன் போட்டுவிடுவார். முட்டை குறைந்தால் கணக்கில் தெரியும் இல்லையா? அம்மா முட்டை போடுவதில்லை.

கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அல்லது பொறுத்துக்கொள்ள வேண்டாம், காரியத்தைச் செய்யுங்கள். போர்டிகோவுக்கு கிரில் கதவு இருந்தால் அம்மாவின் கட்டிலை இன்றைக்கே அங்கே கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ஒரு கிரில் அடியுங்கள், ஏசியை விட மலிவு. பொழுது சாய்ந்ததும் தரையைக் கழுவிவிடுங்கள். கேட்காவிட்டாலும் மணிக்கொரு தடவை தண்ணீரோ மோரோ கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, ஆள் அடையாளம் தடுமாறினாலோ, தோல் நெருப்பாகக் கொதித்தாலோ ஈரத்துணியைப் போர்த்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். தளத்துக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடியுங்கள். அந்தப் பில்லர் கம்பிகள் சும்மாதானே நிற்கின்றன, அவற்றில் நாலு பக்கமும் இழுத்து நிழல்வலையைக் கட்டுங்கள். நர்சரிக்காரர்களிடம் கிடைக்கும். வலை இடுப்பு உயரத்துக்குத்தான் நிற்கும், மேலே படுக்க இடம் இருக்காது. நீங்களும் பையனும் கீழே வந்து படுங்கள்.