முன்கதை முடிவதற்குள் 2 மணி நேரம் போய்விட்டால்? ஆர்பிஜி வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஒரு ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் கேம்) வாங்கினேன். முகம், முடி, வகுப்பு (வீரன், மந்திரவாதி போன்ற வகை) எல்லாம் தேர்ந்தெடுத்து, முன்கதை முடிந்து ஊருக்குள் நுழையும்போது 2 மணி 20 நிமிடம் ஓடியிருந்தது. கேம் பிடிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கஷ்டம்தான். வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இதுதான் ஸ்டீமின் விதி. தாண்டியவர்களும் விண்ணப்பிக்கலாம், பரிசீலிப்பார்கள். அதை நம்பிக் காசைப் போடக் கூடாது.

கேம் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் ஏறும். முதல்முறை திறந்ததும் ஷேடர் (காட்சிகளை வரையும் நிரல்) தயாராகும் பத்து நிமிடம், மூக்கின் நீளத்தைச் சரிசெய்த அரை மணி, ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரம், எல்லாமே சேர்த்திதான். ஆகவே முதல் நாள் முகத்தில் மெனக்கெடாதீர்கள். ரெடிமேட் முகம் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல், தொடக்கத்தில் காட்டுவது ஒன்று, பிறகு வருவது வேறொன்று. பெர்சோனா 5 கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சூதாட்ட விடுதியில் கொள்ளை, துரத்தல், கண்ணாடி ஜன்னலை உடைத்துப் பாய்ச்சல் என்று தடபுடலாக ஆரம்பிக்கும். உடனே நாயகன் போலீஸில் மாட்டுவான். வாக்குமூலத் தாளை முன்னால் தள்ளிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நாயகனுக்கு நீங்கள் பெயர் வைப்பதே அந்தத் தாளில்தான். நல்ல உத்தி. அதன் பிறகு கதை சில மாதம் பின்னோக்கிப் போய், டோக்கியோவுக்கு வந்திறங்கும் பள்ளி மாணவனிடம் நிற்கும். அடுத்த பல மணி நேரம் பெரும்பாலும் பேச்சும் பாடமும்தான். கேம் சொல்லும் இடத்துக்குத்தான் போக முடியும். முதல் இருபது நிமிடத்தைப் பார்த்து வாங்கியவருக்கு ஏமாற்றமாக இருக்கும். அதே இருபது நிமிடம் பிடிக்காமல் மூடியவரும் தப்புக்கணக்குதான் போட்டிருப்பார்.

இதற்கு நல்ல வழி டெமோ, அதிலும் சேவ் (ஆடியதன் பதிவு) முழு கேமுக்கு மாறும் டெமோ. டிராகன் குவெஸ்ட் 11 எஸ் டெமோவில் கிட்டத்தட்ட 10 மணி நேரம் ஆடலாம். மெட்டஃபர்: ரீஃபான்டாசியோ முன்கதை டெமோ சுமார் 5 மணி நேரம். ஃபைனல் ஃபேன்டஸி 16 டெமோ ஏறக்குறைய 2 மணி நேரம்; நாயகனின் இளமைக்காலம் முழுக்க அதிலேயே வந்துவிடும். மூன்றிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டெமோ இல்லாத கேம் ஜிஓஜி கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 30 நாள் அவகாசம் உண்டு, இறக்கி ஆடியிருந்தாலும் கேட்கலாம். அதற்காக முழுக்க ஆடி முடித்துவிட்டுக் கேட்பது நியாயமில்லை.

கேள்வி: விட்சர் 3 தள்ளுபடியில் வருகிறது. முதல் இரண்டு பாகமும் ஆடியதில்லை. கதை புரியுமா?

பதில்: தாராளமாகப் புரியும். நாயகன் கெரால்ட், அவன் காதலி யென்னிஃபர், அவர்கள் மகளாக வளர்த்த சிரி மூவரின் உறவும் கேர் மோர்ஹென் கோட்டையில் நடக்கும் கனவுக் காட்சியிலேயே தெரிந்துவிடும். சண்டைப் பயிற்சியும் அங்கேதான். பிறகு வெள்ளைத் தோப்பு என்ற சிறு பகுதி. அவசரப்படாமல் ஆடினால் சில மணி நேரம் பிடிக்கும்.

தடுமாற வைப்பது ஒரே இடம். புது ஆட்டம் தொடங்கும்போது விட்சர் 2 ஆடியதாகப் பாவித்து அதில் எடுத்த முடிவுகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கும். ஆம் என்றால், பின்னர் விசிமா அரண்மனையில் முகம் மழிக்கும்போது ஒரு தளபதி பழைய சம்பவங்களைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பார். விட்சர் 2 கதையின் எதிராளி லெத்தோவின் பெயர் வரும்போது, உயிரோடு விட்டேன் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் லெத்தோ பின்னால் ஒரு பணியில் வருவார். மற்றதற்கு என்ன சொன்னாலும் பெரிய நஷ்டமில்லை. யார் எவர் என்று மறந்துபோனால் மெனுவில் கதாபாத்திரக் குறிப்புகள் இருக்கின்றன.

வாங்கும்போது கம்ப்ளீட் எடிஷனாகப் பாருங்கள், இரண்டு பெரிய விரிவாக்கங்களும் அதில் அடக்கம்.

கேள்வி: பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கி டவுன்லோடு மட்டும் செய்தேன், திறக்கவே இல்லை. திருப்பித் தரலாமா?

பதில்: அங்கேயும் 14 நாள்தான், ஆனால் டவுன்லோடு தொடங்கியதுமே அந்த உரிமை பொதுவாகப் போய்விடும். கேமில் கோளாறு என்றால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம். முன்பதிவு செய்பவர்கள் தானியங்கி டவுன்லோடை அணைத்து வையுங்கள்.

கேள்வி: பால்டர்ஸ் கேட் 3 கேமில் 15 மணி நேரம் ஆகியும் கூட்டாளிகள் தங்கள் கதையைச் சொல்லவே இல்லை. நான் வாங்கியதில் பழுதா?

பதில்: பழுதில்லை, நீங்கள் தூங்கவில்லை! இந்த கேமில் கூட்டாளிகள் மனம் திறப்பது பெரும்பாலும் இரவு முகாமில்தான். முழு ஓய்வு எடுத்தால்தான் அந்தக் காட்சிகள் வரும், ஒரு இரவுக்குப் பெரும்பாலும் ஒன்று. உணவைச் சேமிக்கிறேன் என்று ஓய்வைத் தள்ளிப்போட்டால் காட்சிகள் வரிசையில் நிற்கும். கதை அடுத்த கட்டத்துக்குப் போனதும் சில கைநழுவிவிடும். நடுத்தரக் கடினத்தில் ஒரு முழு ஓய்வுக்கு 40 அளவு உணவு போதும். பெட்டி, பீப்பாய்களைத் திறந்து பார்த்தாலே தேவைக்கு மேல் கிடைக்கும். முகாமில் யார் தலைக்கு மேலாவது ஆச்சரியக்குறி தெரிந்தால், படுப்பதற்கு முன் அவரிடம் பேசிவிடுங்கள்.

தொடக்கத்தில் வரும் கப்பலில் ஷேடோஹார்ட் என்ற கூட்டாளியைக் கூண்டிலிருந்து விடுவிக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம், கடற்கரையில் கிடைப்பார்.