பழைய வாஷிங் மெஷின் தொட்டியில் கறிவேப்பிலை வளருமா?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டை ஒழித்தபோது, வாஷிங் மெஷினின் எஃகுத் தொட்டி, பிளாஸ்டிக் வாளிகள் நான்கு, 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் இரண்டு, ஸ்கூட்டர் டயர்கள், ஓர் இன்வெர்ட்டர் பேட்டரி, மேசை இழுப்பறைகள், விரிசல் விட்ட மண்பானை, மாமியாரின் ஆட்டுக்கல் ஆகியவை மிஞ்சின. காயலான் கடையில் போட மனம் வரவில்லை. இவற்றில் மாடியில் கீரை, தக்காளி, கறிவேப்பிலை வளர்க்க விரும்புகிறேன். மாடித்தளம் மரச்சட்டங்கள் தாங்கும் மெட்ராஸ் டெரஸ். எவற்றைத் தொட்டியாக்கலாம்?

பதில்: பட்டியலில் முதலில் பேட்டரியை எடுத்து அப்பால் வையுங்கள். அதன் பெட்டி கெட்டியாகவும் சதுரமாகவும் இருப்பதைப் பார்த்துப் பலருக்கும் ஆசை வருகிறது. ஆனால் உள்ளே இருந்தது ஈயமும் கந்தக அமிலமும். எத்தனை முறை கழுவினாலும் அந்த ஈயம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிட்டால் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். பூச்சிமருந்து, பினாயில், ஆசிட் இருந்த டப்பாக்கள் எதுவும் வீட்டில் அகப்பட்டால் அவற்றுக்கும் இதே விதிதான்.

டயர்களையும் நான் விட்டுவிடச் சொல்வேன். வண்ணம் பூசி அடுக்கிய டயர் படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் டயரின் உள்வளைவில் தேங்கும் மழைநீரை எப்படிக் கவிழ்த்தாலும் முழுமையாக வெளியேற்ற முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். அதன் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். டயரின் உட்புறத்தை வாரந்தோறும் யார் தேய்க்கப் போகிறார்கள்? மேலும் ரப்பரில் துத்தநாகச் சேர்மங்களும் எண்ணெய்ப் பொருள்களும் உள்ளன. உண்ணும் செடிக்கு அது பொருத்தமான இடமல்ல.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பவற்றில் சிறந்தது வாஷிங் மெஷின் தொட்டிதான். கடற்காற்று படும் வைத்திக்குப்பம், முத்தியால்பேட்டை, கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற பகுதிகளில் சாதாரண இரும்புத் தகரம் விரைவில் ஓட்டை விழுந்துவிடும். நானே ஆசையாக வண்ணம் தீட்டி வைத்த எண்ணெய் டின்கள் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. துருப்பிடிக்காத எஃகு அப்படி அல்ல. அதிலும் நீர் வடிவதற்கான துளைகள் தயாராகவே இருக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை: மேலிருந்து துணி போடும் வகை இயந்திரமானால், தொட்டியின் வாய்ப்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். தொட்டி சுழலும்போது ஆட்டம் காணாமல் இருக்க அதனுள் உப்புக் கரைசலை அடைத்திருப்பார்கள். அதில் துளையிட்டால் உப்புநீர் மண்ணில் இறங்கிச் செடியைக் கொன்றுவிடும். திருகுகளைக் கழற்றி வளையத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். பிறகு உட்சுவரில் பழைய சணல் சாக்கை விரித்து மண் நிரப்புங்கள். சாக்கு, மண் துளை வழியாக உதிராமல் காப்பதோடு, கத்திரி வெயிலில் சூடேறும் உலோகத்திலிருந்து வேரைச் சற்று விலக்கியும் வைக்கும். கறிவேப்பிலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உங்கள் வீட்டில் இல்லை.

ஆனால் அதை மாடியில் எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. சுமார் 50 லிட்டர் கொள்ளும் அந்தத் தொட்டி, ஈரமண்ணோடு 60 கிலோவுக்குக் குறையாது. வெறும் தோட்டமண்ணைக் கொட்டினால் 80 கிலோவையும் தாண்டும். ஆட்கள் நடமாடும் கான்கிரீட் மாடிக்கே இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். உங்கள் மெட்ராஸ் டெரஸோ, மரச்சட்டங்களின் மீது செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டது. அந்தச் சட்டங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். ஈரம் இறங்கி மட்கத் தொடங்கினால் வெளியிலிருந்து தெரியாது. ஆகவே கான்கிரீட்டுக்கான அந்தக் கணக்கை நம்பி இருக்க வேண்டாம். சட்டங்களை ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். அவர் சரியென்றாலும் கனமான தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுமைதாங்கும் சுவர் செல்லும் ஓரமாகவே வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு செங்கல்மீது தூக்கி வைத்தால் அடியில் காற்றோட்டமும் இருக்கும், வடியும் நீர் எங்கே போகிறது என்று கண்ணுக்கும் தெரியும். ஆட்டுக்கல்லை மாடிக்குத் தூக்கவே வேண்டாம். துளையில்லாத கருங்கல் குழி தொட்டியாகவும் ஆகாது. முற்றத்தில் வைத்துக் காக்கை குருவிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

பிளாஸ்டிக் வாளிகளைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்தால் கீரைக்கும் தக்காளிக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். 3 என்றிருந்தால் அது பிவிசி, காய்கறிக்கு வேண்டாம். வெளிப்புறத்தைத் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒட்டினால் வெயிலில் அதன் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது, சில மாதங்களில் சில்லுச் சில்லாக மண்ணில் உதிரும். பெயிண்ட் வாளிகளில் இருந்தது தண்ணீரில் கரையும் எமல்ஷன் என்றால், காய்ந்த படலத்தை உரித்துக் கழுவியபின் செம்பருத்திக்கும் குரோட்டன்ஸுக்கும் கொடுங்கள். எனாமல் வாளியானால் அதுவும் வேண்டாம்.

துளை போடுவதில்தான் பெரும்பாலோர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 20 லிட்டர் வாளிக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத துளைகள் ஐந்தாறு தேவை. அவற்றில் இரண்டை அடியில் அல்லாமல், அடியை ஒட்டிய பக்கச்சுவரில் போடுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது பெய்ததுபோல ஒரு மழை பெய்தால், ஒற்றைத் துளை வாளிகள் எல்லாம் குட்டைகளாகிவிடும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துவதைவிடத் துளைப்பான் நல்லது. காய்ச்சித்தான் குத்துவீர்கள் என்றால் வெட்டவெளியில், புகையை மூச்சில் இழுக்காமல் செய்யுங்கள்.

அடியில் ஓட்டுச்சில்லு, ஜல்லி ஒரு கை உயரம் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். உண்மையில் நேர்மாறாகவே நடக்கிறது. நுண்துளைகள் நிறைந்த மண், தன்னுள் இருக்கும் நீரைப் பெரிய இடைவெளிகள் கொண்ட ஜல்லிக்குள் எளிதில் விடாது; முழுவதும் நனைந்து ததும்பும்வரை பிடித்தே வைத்திருக்கும். அதனால் வாளியின் அடியில் கிடக்க வேண்டிய சேற்றுப் பகுதி, ஜல்லியின் உயரத்துக்கு மேலேறி வேருக்கு அருகில் வந்துவிடுகிறது. துளைமீது ஓர் ஓட்டுச்சில்லை அல்லது கொசுவலைத் துண்டை மட்டும் வைத்து, மீதி உயரம் முழுவதையும் மண்ணுக்கே விடுங்கள்.

மண்ணுக்குச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு. தென்னைநார்க் கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்து நீர் மாற்றிய பிறகே கலக்க வேண்டும். கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரும் உவர்ப்பாக இருந்தால் இரண்டும் சேர்ந்து இலை நுனிகளைக் கருக்கும். கடற்கரை மணலைக் கலக்காதீர்கள். கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் 30 வேண்டும்.

இழுப்பறைகள் நல்ல மரமானால் இரண்டு பருவம் கீரை தரும். பிளைவுட் ஒரே மழையில் உப்பிப் பிரிந்துவிடும். பழைய எனாமல் வண்ணம் பூசியிருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சுரண்ட வேண்டாம், உண்ணும் செடியும் வேண்டாம். விரிசல் விட்ட பானையை வாய்ப்பக்கம் கம்பியால் இறுக்கிக் கட்டினால், அந்த விரிசலே வடிகால். அது வில்லியனூர்ச் சுடுமண்ணாக இருந்தால் வெளிப்புறத்தில் வண்ணம் பூசாதீர்கள். மூச்சுவிடும் அந்தச் சுவர்தான் கோடையில் வேரைக் குளிர்விக்கிறது.

உங்கள் கடிதம் புரட்டாசியில் வந்திருக்கிறது. இப்போது விதைத்தால் ஐப்பசி மழையில் நாற்று அழுகும். வாளிகளைத் துளையிட்டு, அரையளவு மண்ணுடன் ஒன்றை மட்டும் வெட்டவெளியில் வைத்து, பெருமழை நின்ற அரைமணி நேரத்தில் மேலே நீர் நிற்கிறதா என்று பாருங்கள்; நின்றால் துளைகளைப் பெரிதாக்குங்கள். தை பிறந்தபின் தக்காளி நாற்றை நடலாம். அதுவரை மற்ற எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.