ஐந்தாம் நிலை குழுவுக்கு ஒரு கலப்பின நீர் மிருகம்

பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் உங்கள் கற்பனை ஆட்டத்தில் கிராக்கன் என்ற ராட்சதக் கடல் மிருகம் அலுத்துவிட்டது, நான்கு பேர் கொண்ட ஐந்தாம் நிலை குழுவுக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலையையும் அமேசான் மின்விலாங்கையும் கலந்து பாருங்கள். முதலைத் தலை, முன்னங்கால்கள். இடுப்புக்குக் கீழே நீண்ட விலாங்கு உடல். 'மின்முதலை' என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஜோடி ஏன்? இரண்டின் பலவீனங்களும் ஆட்டத்துக்கு அருமையாகப் பொருந்துகின்றன. மின்விலாங்கில் 860 வோல்ட் வரை பதிவாகியிருக்கிறது; ஆனாலும் அது காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். முதலையின் கடி பயங்கரம், வாயைத் திறக்கும் தசைகளோ பலவீனமானவை. ஆக, மேலே வரும் நேரத்தைக் கணித்து வாயில் கயிறு போடும் வீரருக்குப் பரிசு உண்டு.

எண்கள்: கவசம் (அதைத் தாக்க எட்ட வேண்டிய எண்) 15, உயிர்ப்புள்ளி (அது தாங்கும் மொத்தச் சேதம்) 95. கடித்துப் பிடித்தால் அடுத்த முறை இரையோடு சேர்ந்து நீரில் உருளும். மின்சாரம் நீரில் இருக்கும் எல்லோருக்கும், நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகை சேதம். உடல்வலிமைச் சோதனையில் 14 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பாதி சேதம். நிஜ மின்விலாங்கு வாலை வளைத்து இரையைத் தன் உடலின் இரு மின்முனைகளுக்கு நடுவே வைத்து அதிர்ச்சியைக் கூட்டும். எனவே பிடிபட்டவருக்கு மட்டும் இரண்டு பகடை கூடுதல். தினம் மூன்று முறைக்கு மேல் அதிர்ச்சி வேண்டாம், குழுவில் மந்திரவாதி இருந்தால் செத்தே போவார்.

அப்புறம், கலங்கிய நீரில் வையுங்கள். தெளிந்த குளத்தில் பாதி சுவாரஸ்யம் போய்விடும்.