ரெண்டாயிரம் ரூபாய் ஆர்சி (ரிமோட்டில் இயங்கும்) விமானத்தில் ஓட்டிப் பழக முடியுமா, இல்லை அது வெறும் பொம்மைதானா?

முடியும். வெறும் பொம்மை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அதைக் காற்று அடிக்கிற சாயங்காலத்தில் மொட்டை மாடியிலிருந்து வீசிப் பார்த்தவர்கள். உங்களிடமும் யாரோ "காசைக் கரியாக்காதே" என்று சொல்லியிருக்க வேண்டும், அதனால்தான் கேள்வியே இப்படி வந்திருக்கிறது. எனக்கும் சொன்னார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் விமானம் பற்றிப் படித்தவன் இல்லை. மதுரையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இங்கே ஏரோநாட்டிக்கல் படித்தவர்கள் இருப்பீர்கள், தவறு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கையில் பிடித்து ஓட்டிய விஷயத்தைத்தான் சொல்கிறேன்.

அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரெண்டு சேனல் விமானம், அதாவது ரிமோட்டிலிருந்து ரெண்டு விதக் கட்டளை மட்டும் போகும். இறக்கையில் இரண்டு குட்டி மோட்டார். வலது மோட்டார் வேகமாகச் சுற்றினால் இடப்பக்கம் திரும்பும், இடது மோட்டார் வேகமெடுத்தால் வலப்பக்கம். வாலில் அசையும் பாகம் எதுவும் கிடையாது, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் இல்லை. இரண்டு மோட்டாரையும் கூட்டினால் மேலே ஏறும், குறைத்தால் இறங்கும், அவ்வளவுதான். மூக்கை அழுத்தி எதிர்க்காற்றைக் கிழித்துத் திரும்பி வர வழியில்லை. காற்று அடித்தால் அது போகிற இடத்துக்குப் போய்விடும், ரிமோட்டின் எல்லையும் குறைவு. இது குறைதான், மறுக்கவில்லை.

ஆனால் ஆரம்பத்தில் எல்லோரையும் வீழ்த்துவது எலிவேட்டர் இல்லாத குறை அல்ல, திசைக் குழப்பம். என் அக்கா மகள் ப்ளஸ் டூ முடித்த லீவில் இதில்தான் பழகினாள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய், சித்திரையில் தண்ணீர் வற்றித் தரை வெடித்துக் கிடக்கும். காலை ஆறு மணிக்குப் போனால் கருவேல மரத்தில் ஒரு இலை அசையாது, ஏழரை தாண்டினால் காற்று எழும்பிவிடும். விமானம் எங்களை விட்டு விலகிப் போகும்வரை அருமையாக ஓட்டினாள். திரும்பி எங்களை நோக்கி வந்ததும், "மாமா, வலது பக்கம் தள்ளினா இடது பக்கம் போகுது!" என்று கத்தினாள். விமானத்துக்கு அதன் வலதுதான் வலது. அது நம்மைப் பார்த்து வரும்போது அதன் வலது நமக்கு இடப்பக்கம் இருக்கும். இதைப் புத்தியால் புரிந்துகொள்வது ஒரு நிமிட வேலை. விரலுக்குப் புரியத்தான் நாளாகும். "எந்த இறக்கை கீழே சாய்ந்திருக்கோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு" என்று சொல்லிக் கொடுத்தேன். எதிரே வரும் விமானத்துக்கு இந்த ஒரு வழி போதும். அதைப் பிடித்த பிறகு அவள் கை நிதானத்துக்கு வந்துவிட்டது. விலை உயர்ந்த விமானம் கையில் இருந்திருந்தால் அவளும் பயந்திருப்பாள், நானும் ரிமோட்டைக் கொடுத்திருக்க மாட்டேன்.

விழத்தான் செய்யும். கருவேல முள் இறக்கைக்குள் போய் ஒடிந்து நிற்கும், குறடால் பிடுங்க வேண்டும். வாங்கும்போதே அது வெள்ளைத் தெர்மாகோலா, வளைத்தால் நிமிர்கிற இபிபி ஃபோமா என்று பாருங்கள். இபிபி என்றால் நசுங்கிய மூக்கைக் கொதிக்கிற தண்ணீரில் சற்று முக்கினால் உப்பிக்கொண்டு பழைய வடிவத்துக்கு ஓரளவு வந்துவிடும். தெர்மாகோலில் ஃபெவிக்விக் மாதிரிப் பசையை ஊற்றிவிடாதீர்கள், கரைத்துக் குழி பறித்துவிடும்.

அந்த லீவு முடிவதற்குள் நாங்களே ஒன்று செய்தோம். டெப்ரான் என்ற மெல்லிய ஃபோம் ஷீட்டை வெட்டி, இறக்கை மேலே இருக்கிற மாதிரி, நுனிகள் லேசாக மேலே தூக்கிய மாதிரி. அப்படித் தூக்கியிருந்தால் சாய்ந்த விமானம் தானாக நிமிரப் பார்க்கும். 2212 அளவு பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி, அசையும் பாகங்களைத் திருப்பும் 9 கிராம் சர்வோக்கள். முதலில் புரொப்பெல்லர் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. இஎஸ்சியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ரெண்டை மாற்றிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. கடையில் த்ரீ பேஸ் மோட்டாருக்கு நான் தினமும் செய்வதும் இதைத்தான். அவள் அன்று என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் பெருமை. வீசுவதற்கு முன் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால் பாகத்துக்கும் மூன்றில் ஒரு பாகத்துக்கும் நடுவே ரெண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நின்றால் சரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அவள் இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் இதே மாதிரி விமானத்தைத் தானே வடிவமைத்து ப்ராஜெக்டாகக் கொண்டுபோனாள். உடன் படித்த பலர் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டோடு ரெடிமேடாக வாங்கி வந்தார்கள். அவர்களுக்கு மதிப்பெண் அதிகம், இவளுக்குக் குறைவு. இஎஸ்சி என்ன செய்கிறது என்று அவர்களில் ஒருவனைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. கையில் சூடு பட்டு ஃபோம் வெட்டிய பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. இது எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், ஒரு கல்லூரியோடு நிற்கிற விஷயமும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாய்வை உணர்ந்து விமானத்தைத் தானே நிலைப்படுத்தும் கைரோ வைத்த விமானம் ஏமாற்று என்று சிலர் கமெண்ட் போடுவார்கள். இருக்கட்டும், ஆரம்பத்தில் கைரோ உதவும், பழகிய பிறகு அணைத்துவிட்டு ஓட்டுங்கள். சட்டத்தையும் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகள் இந்த விமானங்களுக்கும் பொருந்தும். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. வியாபாரத்துக்கு இல்லாமல் ஓட்டினால் இரண்டுக்குமே பைலட் உரிமம் தேவையில்லை. முன் அனுமதி இல்லாமல் ஓட்டக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான், அதிலும் விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் 200 அடிதான். அதைவிட நெருக்கத்தில் அனுமதி இல்லாமல் கூடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆடிக் காற்று என்றால் பொறுங்கள். அதுவரை பிகாசிம் மாதிரி, திரையில் விமானம் ஓட்டிப் பார்க்கும் இலவச சிமுலேட்டரில் பழகலாம். வாங்கும்போது உதிரி புரொப்பெல்லரும் இன்னொரு பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இல்லை என்றால் அந்தக் கடை வேண்டாம். இன்னும் சில ஆயிரம் கூடப் போட முடியும் என்றால் எலிவேட்டர் உள்ள மூன்று சேனலாகவே பாருங்கள்.