மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹைழ் (மாதவிடாய்) வந்துவிட்டது, அன்றைய நோன்பு கூடுமா?

நுவரெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கல்யாணமாகிப் போன வீட்டில் முதல் ரமழான். நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வுழூ (தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவுவது) செய்யப் போன இடத்தில் இரத்தம் கண்டிருக்கிறார். "பகல் முழுக்கப் பிடிச்சிட்டீங்க, இனி என்ன, நோன்பு கூடும்" என்று மாமி சொன்னாராம். கஞ்சிக்கு உப்புப் பார்த்தது, ஸுபஹுக்குப் (விடியற்காலைத் தொழுகை நேரத்துக்குப்) பிறகு குளித்தது என்று இன்னும் இரண்டைச் சேர்த்து, பெண்களுக்கு நோன்பை முறிப்பவை எவை என்றும் கேட்டிருக்கிறார்.

நான் பத்வா கொடுக்கிற ஆள் இல்லை. கம்பளைப் பக்கம் பெண்களுக்கு பிக்ஹ் (மார்க்கச் சட்டம்) பாடம் எடுக்கிறேன். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹப் (மார்க்கச் சட்ட மரபுகளில் ஒன்று) என்பதால் அதன்படியே சொல்கிறேன். மற்ற மத்ஹபில் மாறுகிற இடம் வந்தால் அங்கேயே குறிப்பிடுகிறேன்.

அன்றைய நோன்பு கூடாது, அதாவது நிறைவேறாது, தங்கச்சி. சூரியன் மறைய ஒரு நிமிடம் இருக்கும்போது இரத்தம் வெளிப்பட்டாலும் அந்த நோன்பு முறிந்துவிடும். ரமழானுக்குப் பிறகு அதைக் கழாச் செய்ய, அதாவது திருப்பிப் பிடிக்க வேண்டும். இதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. நம்மைப் போல மலைக்குள் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேற்கே மலை நிற்கிற வீட்டில் 5.45க்கே முற்றம் இருட்டிவிடும். அது மஃரிப் அல்ல. சூரியன் அடிவானத்தில் மறைவதுதான் கணக்கு. பாங்கு வர இன்னும் அரை மணித்தியாலம் இருக்கலாம். "வெயில் போனபிறகுதானே வந்தது" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் இதே பதில்தான்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விடுவதால்தான் பல பெண்கள் கூடிய நோன்பையே திரும்பப் பிடிக்கிறார்கள். அஸரிலிருந்து வயிறு இழுத்துப் பிடிக்கிறது, இடுப்பு நோகிறது, இதோ வரப்போகிறது என்று தெரிகிறது, ஆனால் இரத்தம் வெளியே வந்தது பாங்குக்குப் பிறகு என்றால் அந்த நோன்பு முழுமையானது. வலி நோன்பை முறிக்காது. நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, இஷாவுக்கு வுழூ செய்யப் போகும்போதுதான் கண்டீர்கள், எப்போது வந்தது என்றே தெரியவில்லை என்றாலும் நோன்பு கூடும். நேரம் தெரியாத ஒன்றை, அது நடந்திருக்கக்கூடிய மிகப் பிந்திய நேரத்தோடுதான் சேர்ப்போம். வெள்ளைப்படுதலாலும் நோன்புக்கு ஒன்றும் ஆகாது.

இரத்தம் கண்ட பிறகு மீதிப் பகலைப் பட்டினியாகக் கழிக்கத் தேவையில்லை. நோன்பு என்ற எண்ணத்தோடு அப்படி இருப்பது கூடவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

13 வயதில் எனக்கு வந்தது. அந்த ரமழானில் வாப்பாவுக்கும் நானாமாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக நான் ஸஹருக்கு எழும்பி எல்லோரோடும் சாப்பிட்டேன். பகலில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் தலை சுற்றி விழப் பார்த்தபோது உம்மா ஒரு பனிஸையும் ஒரு கோப்பை பிளேன்டீயையும் சீலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து என்னை விறகுக் கொட்டிலுக்குள் கூப்பிட்டார். மழைக்கு நனைந்த விறகு வாசத்துக்குள் நின்றுகொண்டு, யாராவது வருவார்களோ என்று வாசலைப் பார்த்துப் பார்த்து அந்த பனிஸை விழுங்கினேன். பாவம் செய்வதாகவே நினைத்தேன். உம்மாவும் ஒன்றும் பேசவில்லை, அவருக்கும் யாரும் பேசிக் கொடுத்திருக்கவில்லை.

ஹைழ் வந்த பெண் தொழுவதுமில்லை, நோன்பு பிடிப்பதுமில்லை என்பது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் சொல்லாகவே ஸஹீஹுல் புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பிடிக்கச் சொன்ன அதே ரப்புத்தான் (இறைவன்தான்) அந்த நாட்களில் விடச் சொல்கிறான். விடுவதும் இபாதத்துத்தான் (வணக்கம்தான்). பிள்ளைகளுக்கு முன்னால் பரப்பிவைத்துச் சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. அறைக்குள் இருந்து ஆறுதலாக, வயிறு நிறையச் சாப்பிடுங்கள். மகள் இருந்தால் அவளுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு அறைக்குள் கொடுங்கள், விறகுக் கொட்டிலுக்கு அனுப்பாதீர்கள்.

தொழுகையைக் கழாச் செய்யத் தேவையில்லை, நோன்பை மட்டும் கழாச் செய்ய வேண்டும். ஏன் இந்த வித்தியாசம் என்று முஆதா என்ற பெண் நபியவர்களின் மனைவி ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களிடமே கேட்டிருக்கிறார். நோன்பைத் திருப்பும்படி எங்களுக்கு ஏவப்பட்டது, தொழுகையைத் திருப்பும்படி ஏவப்படவில்லை என்பதே அவர்கள் சொன்ன பதில். விடுபட்ட நோன்புகளை அடுத்த ஷஃபானில்தான் (ரமழானுக்கு முந்திய மாதத்தில்தான்) பிடிக்க முடிந்தது என்று தம்மைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அடுத்த ரமழான் வரைக்கும் தவணை இருக்கிறது. காரணமில்லாமல் அதையும் தாண்டவிட்டால் ஷாபிஈ மத்ஹபில் கழாவோடு ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு முத்து, அதாவது ஏறத்தாழ 600 கிராம் அரிசி, ஏழைக்குக் கொடுக்க வேண்டும். வருடம் கூடக் கூட அதுவும் கூடும். ஹனபி மத்ஹபில் கழா மட்டும்தான்.

நான் 13இலிருந்து 19 வயது வரைக்கும் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. பிக்ஹ் படிக்கத் தொடங்கியபோதுதான் நெஞ்சு திக்கென்றது. ஆறு ரமழான், வழமை ஆறு நாள், 36 நோன்பு என்று கணக்குப் போட்டேன். சரியான எண்ணிக்கை தெரியாதபோது, இனிப் பாக்கி இல்லை என்று மனதுக்கு உறுதி வருமளவுக்குப் பிடிக்க வேண்டும். திங்களும் வியாழனுமாகப் பிடித்து முடிக்கவே மாதக்கணக்கானது. இன்றைக்கு எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற கலண்டரில் எனக்கு நீலப் பேனா, மகளுக்குப் பச்சைப் பேனா. விடுபட்ட நாளுக்கு ஒரு புள்ளி, கழாச் செய்ததும் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். வருடம் முடிந்ததும் கலண்டரை எறிந்துவிடாமல் சுருட்டி அலுமாரிக்குள் வைக்கிறோம்.

வருவதை விடப் போவதில்தான் சந்தேகம் அதிகம். இரத்தம் நின்றுவிட்டதா, இன்னும் இருக்கிறதா? மதீனாவில் பெண்கள் மஞ்சள் படிந்த பஞ்சைச் சிறிய பெட்டிக்குள் வைத்து ஆயிஷா நாயகிக்கு அனுப்பிக் கேட்பார்களாம். வெள்ளையைக் காணும்வரை அவசரப்படாதீர்கள் என்று ஆயிஷா நாயகி பதில் சொல்வார்களாம். இந்த ஹதீஸைப் பாடத்தில் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்கும். கேட்க வெட்கப்படாத பெண்கள் அவர்கள். பஞ்சு சுத்தமாகவோ வெண்மையான நீரோடோ வந்தால் ஹைழ் முடிந்தது. ஷாபிஈ மத்ஹபில் ஹைழ் குறைந்தது 24 மணித்தியாலம், கூடியது 15 நாள், பெரும்பாலும் ஆறோ ஏழோ நாள். ஹனபியில் குறைந்தது மூன்று நாள், கூடியது பத்து. கருத்தடைக்காக லூப் போட்டவர்களுக்கும் ஊசி போட்டவர்களுக்கும் நாட்கணக்கில் சிறுகச் சிறுக வந்துகொண்டிருக்கும். 15 நாளைத் தாண்டிவிட்டால் அது இஸ்திஹாழா (ஹைழ் அல்லாத இரத்தப்போக்கு) கலந்தது. இஸ்திஹாழா நாட்களில் தொழவும் வேண்டும், நோன்பு பிடிக்கவும் வேண்டும். எத்தனை நாள் ஹைழ், எத்தனை நாள் இஸ்திஹாழா என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே கலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் ஆலிமாவிடம் (மார்க்கம் படித்த பெண்ணிடம்) போய்க் கேளுங்கள்.

இனி உங்கள் குளிப்பு. ஸுபஹுக்கு முன்னர் இரத்தம் நின்று, இரவிலேயே நிய்யத்தும் (நோன்பு பிடிக்கும் எண்ணமும்) வைத்துவிட்டீர்கள் என்றால், ஸுபஹுக்குப் பிறகு குளித்தாலும் நோன்பு கூடும். கடமையான குளிப்பு இருக்கும் நிலையில் ஸுபஹை அடைந்தும் நபியவர்கள் நோன்பைத் தொடர்ந்ததை அவர்களின் மனைவியரே அறிவித்திருக்கிறார்கள். நோன்பு கூடுவதற்குக் குளிப்பு நிபந்தனை இல்லை, தொழுகைக்குத்தான் அது வேண்டும். நுவரெலியாத் தண்ணீரின் குளிர் எனக்குத் தெரியாததல்ல. அதற்காகச் சூரியன் உதிக்கும்வரை போர்வைக்குள் கிடந்து ஸுபஹைக் கழாவாக்கினால் அது பெரிய பாவம். ஸஹர் அடுப்பிலேயே ஒரு கேத்தல் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்கிவிடுங்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: உங்கள் வழமை ஆறு நாள், ஆறாம் நாள் இன்று இரவோடு முடிகிறது என்றால், இரத்தம் நிற்குமுன்பே நாளைய நோன்புக்கு நிய்யத் வைத்துவிட்டுத் தூங்கலாம். இரவிலேயே நின்றுவிட்டால் நோன்பு கூடும். பகலில் சுத்தமானால் அன்றைய நோன்பு கிடையாது. மஃரிப் வரை உண்ணாமல் இருப்பது ஷாபிஈயில் நல்லது, கட்டாயமில்லை.

கஞ்சிக்கு உப்புப் பார்த்ததால் நோன்பு முறியாது. தொண்டைக்குள் போகாதவரை பிழையில்லை என்பது நபித்தோழர் இப்னு அப்பாஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் கருத்து. தேவையில்லாமல் செய்வதுதான் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). வீடு நிறைந்த ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்சும் பெண்ணுக்குத் தேவை இருக்கிறது. நான் அகப்பையில் ஒரு சொட்டை எடுத்து, ஊதி ஆற்றி, நாக்கு நுனியில் மட்டும் வைத்து, உடனே துப்பி வாயைக் கொப்பளித்துவிடுவேன். தேங்காய்ப்பாலும் வெந்தயமும் வழுக்கிக்கொண்டு போகும், ஆகவே கொதிக்கக் கொதிக்க வாயில் வைக்காதீர்கள். நோன்பு என்பதை மறந்து ஒரு வாய் முழுதாகவே குடித்துவிட்டாலும் அது அல்லாஹ் ஊட்டியது, நோன்பைத் தொடருங்கள். தானாக வரும் வாந்தியால் நோன்பு முறியாது, விரலை விட்டு வேண்டுமென்றே எடுத்தால் முறியும்.

மருந்து விஷயத்தில் நம் மத்ஹப் கொஞ்சம் இறுக்கமானது. உடலின் திறந்த வழிகளால் எது உள்ளே போனாலும் நோன்பு முறியும் என்பது ஷாபிஈ விதி. பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் குளிசையும், கிளினிக்கில் உள்ளே கைவிட்டுப் பார்க்கும் சோதனையும், காதுக்குள் பஞ்சுக்குச்சி விட்டுக் குடைவதும் இதில் அடங்கும். கழுவும்போது வெளியே தெரிவதை மட்டும் கழுவுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியோ பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் மருந்தும் அந்தச் சோதனையும் நோன்பை முறிக்காது என்று முடிவு செய்தது. தவிர்க்க முடியுமானால் இரவுக்கு மாற்றுங்கள். அவசரம் என்றால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். செய்துகொண்டு, பேணுதலுக்கு ஒரு நாளைக் கழாச் செய்யுங்கள். இரத்தம் எடுத்துச் சோதிப்பது, கையில் போடும் சாதாரண ஊசி, சுர்மா, இவற்றால் முறியாது. சத்துக்காக ஏற்றும் சேலைன் முறிக்கும்.

புதிதாகக் கல்யாணமானவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பகலில் உடலுறவு கொண்டால் இருவரின் நோன்பும் முறியும். அடிமையை விடுதலை செய்ய இன்று வழியில்லாததால், தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு, அதற்கும் முடியாவிட்டால் 60 ஏழைகளுக்கு உணவு என்ற கப்பாரா (பரிகாரம்) ஷாபிஈயில் கணவன் மீதுதான். மனைவிக்குக் கழா.

நாளைக்குக் குழந்தை உண்டானால், உங்கள் உடம்புக்குப் பயந்து நோன்பை விட்டால் கழா மட்டும். குழந்தைக்கு மட்டும் பயந்து விட்டால் கழாவோடு ஒரு முத்து அரிசி. பால் கொடுக்கும் தாய்க்கும் இதுவே. பால் கொடுப்பதால் நோன்பு முறியாது. பிரசவ இரத்தம் ஷாபிஈயில் பெரும்பாலும் 40 நாள், கூடியது 60. ஆனால் 20ஆம் நாளே சுத்தமாகிவிட்டால் அன்றே குளித்துத் தொழ வேண்டும், நாற்பது வரை காத்திருக்கக் கூடாது.

உங்கள் கணக்கில் அந்த ஒரு நாளும், அதைத் தொடர்ந்த ஹைழ் நாட்களும் இருக்கின்றன. கலண்டரில் குறித்துவிடுங்கள். மாமியோடு தர்க்கம் வேண்டாம். ஆனால் எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை. மாலையில் வந்த நாட்களையெல்லாம் கூடியதாக நினைத்து அவர் இத்தனை வருடமும் கழாச் செய்யாமல் விட்டிருந்தால், அவரிடம் எத்தனை நோன்பு பாக்கி இருக்குமோ. தராவீஹ் முடிந்து வீடு அமைதியான பிறகு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேளுங்கள். பிடிக்கத் தெம்பிருந்தால் ஷவ்வாலிலிருந்து இருவரும் சேர்ந்தே பிடிக்கலாம். தள்ளாமையால் இனி முடியாது என்றால் ஒரு நோன்புக்கு ஒரு முத்து என்று அரிசி கொடுத்துவிடலாம். அந்தக் கணக்கைப் போட அவருக்கு இப்போது வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள்.